ஊசிமுடுக்கு விரிந்த கதை

சத்தியம், சத்தியம், சத்தியம்! நெல்லையப்பர் கோயில் வாசலில் சூடம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்லுவேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்று எவனாவது நிரூபித்துவிட்டால், சாகும்வரை சொதிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எனக்கு இஞ்சித் துவையல் கிடைக்காமல் போகட்டும். இதற்குமேல் ஒரு சாபத்தைத் திருநெல்வேலிக்காரன் தன் தலையில் தானே போட்டுக்கொள்ள மாட்டான், பார்த்துக்கிடுங்க.

டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஊசிமுடுக்கு என்று ஒரு இடம். முடுக்கு என்றால் வெளியூர்க்காரர்கள் சந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஊசிமுடுக்கு சந்துக்கும் சந்து. எதிரும் புதிருமாக ஆள் வந்தால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும், வெறுங்கையோடு வருகிறவர் குடத்தோடு வருகிறவருக்கு ஒதுங்க வேண்டும், கல்யாணச் சீராகக் கட்டில் வந்தால் அதை ஓட்டுக்கு மேலாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும், செத்துப்போனவரைக்கூடப் பாடையில் கிடத்திக் கொண்டுபோக முடியாமல் நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் துண்டால் கட்டி, வீதிவரை தூக்கிப்போய் அங்கேதான் படுக்கவைக்க வேண்டும் என்பதால், ஊசிமுடுக்குக்காரன் செத்தாலும் உட்கார்ந்துதான் போவான் என்று டவுனில் ஒரு பேச்சே உண்டு.

அந்த முடுக்கின் நடுவில், மச்சு சன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர் மச்சு சன்னலைத் தொட்டுவிடலாம் என்கிற மாதிரி இரண்டு வீடுகள். ஒன்றில் சங்கரவடிவு. எதிர்வீட்டில் அவளுடைய அண்ணன் குற்றாலிங்கமும் மதினி லோகநாயகியும்.

வடிவு கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. வடக்கே ஒரு கம்பெனியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, மச்சையே பட்டறையாக்கிக்கொண்டு, அங்கிருந்தே அந்தக் கம்பெனிக்குப் புதிது புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் செய்தது, நெஞ்சைக் கிழிக்காமலே நெஞ்சுக்குள் போய்வருகிற சாமான்கள். மணிக்கட்டிலோ தொடையிலோ ஊசி குத்தின துளைக்குள் நுழைந்து ரத்தக் குழாய் வழியாகவே ஊர்ந்துபோகிற மெல்லிய குழாய், அதற்குக் கத்தீட்டர் என்று பேர். எல்லாவற்றுக்கும் முன்னால் வழிகாட்டிப் போகிற, தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி. அந்தக் கம்பியின் மேலேறிப் போய், அடைத்துக் கிடக்கிற இடத்தில் விரிந்து, சுருங்கின குழாயைச் சுருங்கவிடாமல் தாங்கி நிற்கிற வலைபோன்ற சின்னக் கூடு, அதுதான் ஸ்டென்ட். இதையெல்லாம் அவள் கண்ணாடியில் ஊதிச்செய்த ரத்தக் குழாய்களில் வெந்நீர் ஓடவிட்டுச் சோதித்துப் பார்ப்பாள். சாயங்கால வெயிலில் அந்தக் கண்ணாடிக் குழாய்களின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் கிளை கிளையாக ஒரு மரம்போல விழும். "ஏட்டி வடிவு, உன் மரம் இன்னும் காய்க்கலியா?" என்று லோகநாயகி அரிசி களைந்துகொண்டே கேட்பாள். அதெல்லாம் பேச்சு இருந்த காலம்.

ஒரு நாள் காலையில் குற்றாலிங்கம் பல் துலக்கிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது, வீதியோடு நின்றது. ஸ்ட்ரெச்சர் முடுக்குக்குள் திரும்பவில்லை. நாற்காலி தேடி, அவரை அதில் உட்காரவைத்து, எதிரே வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு படி தேடி ஏறி நின்று, நல்ல மனசோடு ஆளுக்கொரு யோசனையும் சொல்லி, ஒருவழியாக வீதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவர் ஊசிமுடுக்கு வழக்கப்படி உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார்.

பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுதபோது லோகநாயகி ஒப்பாரிக்கு நடுவே ஒரு வரி போட்டாள். "ஊரான் நெஞ்சுக்கெல்லாம் வழி பண்ணுதவ, கூடப்பொறந்தவன் நெஞ்சுக்கு ஒரு வழி பண்ணலியே" என்றாள். ஒப்பாரியில் சொன்னதை யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, அடுப்புச் சாம்பலோடு அதையும் அள்ளிக் கொட்டிவிட வேண்டும் என்பது ஊர் முறை. வடிவு அதை அள்ளிக் கொட்டவில்லை. அன்றோடு இரண்டு சன்னல்களுக்கும் பேச்சு முறிந்தது.

பேச்சு முறிந்தால் என்ன, சாடை இருக்கிறதே. சாடைக்கு ஒரு முறை உண்டு. சம்பந்தப்பட்டவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. காக்காவிடமோ பூனையிடமோ துடைப்பத்திடமோதான் சொல்ல வேண்டும். காதில் விழுந்தவர் பதிலை அவருடைய துடைப்பத்திடம்தான் சொல்ல வேண்டும். குரலை ஒரு இம்மி உயர்த்தக் கூடாது. "கொடியில கெடக்க சேலைய மழ நனைச்சா நனைச்சிட்டுப் போவுது, நமக்கென்ன" என்று லோகநாயகி காக்காவிடம் சொன்னால், வடிவு ஓடிப்போய்ச் சேலையை எடுப்பாள். துடைப்பத்துக்கு நேற்றிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது என்று வடிவு துடைப்பத்தைப் பார்த்துச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் அவள் சன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் மிளகுரசம் வந்து உட்கார்ந்திருக்கும். பூனைக்கு வைத்தது என்று எதிர்ச் சன்னல் சுவரைப் பார்த்துச் சொல்லும். அந்த முடுக்கில் பூனையே கிடையாது. இப்படியாக, வாய்விட்டுப் பேசின காலத்தைவிட அதிகமாகவே அந்த இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், வடிவுக்கு அதுதான் பேச்சு என்பது தெரியாமலே.

குற்றாலிங்கத்தின் தலைத்திவசம் சித்திரை வெயிலில் வந்தது. உச்சிப்பொழுதில் லோகநாயகி சன்னலில் சோற்றுருண்டையை வைத்துக் காக்காவைக் கூப்பிட்டாள். திவசத்தன்று வருவதைக் காக்கா என்று யாரும் சொல்வதில்லை, வருகிறவர் யாரென்று வீட்டுக்காரிக்குத் தெரியும். கறுப்பாக ஒருவர் வந்து விளிம்பில் உட்கார்ந்தார்.

"வந்தியளா," என்றாள் லோகநாயகி. "செறகு மொளச்ச பொறவுதான் ஒங்களுக்கு இந்த முடுக்குல தடங்கலில்லாமப் போய்வர முடிஞ்சிருக்கு, என்ன?"

எதிர்ச் சன்னலில் வடிவு இடுக்கியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். இடுக்கி முனையில், ஐஸ் தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு ஸ்டென்ட், சீரகத்தைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. அது சூட்டில் தன் வடிவத்தை நினைத்துக்கொள்ளுகிற உலோகம். குளிரில் எல்லாவற்றையும் மறந்து ஒடுங்கிக் கிடக்கும், உடம்புச் சூடு பட்டால் நினைவு வந்து விரியும். அவள் செய்ததிலேயே அதுதான் நல்லது, அதையே கம்பெனி திருப்பி அனுப்பியிருந்தது, விரிகிறது சரி, போதும் என்பது அதற்குத் தெரியவில்லை என்று சொல்லி. அதற்கு மேலே அவள் ஒரு மருந்தும் பூசியிருந்தாள். உடம்பு காயப்பட்ட இடத்தில்தான் சதை வளர்க்கும். வெறும் கம்பி குத்தி நிற்கிற இடத்திலும் அப்படித்தான் வளர்த்து, திறந்த வழியைத் திரும்பவும் அடைத்துவிடும். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அதுதான் ஜென்மப் பகை. அவள் பூசின மருந்துக்கு முன்னால் ஒன்றும் வளராது, ஒன்றும் ஒட்டாது.

வடிவு காக்காவைப் பார்த்தாள். துடைப்பம் கிட்டத்தில் இல்லை. இடுக்கியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி விரலைத் தளர்த்தினாள். சீரகம் கீழே போய்க் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விழுந்தது. கல் கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டென்டுக்கு நினைவு வந்தது.

சத்தம் ஒன்றும் இல்லை. பந்தியில் இன்னும் ஒருவருக்கு இடம் விடுகிற மாதிரி வீடுகள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தன, அவ்வளவுதான்; ஓடு சரியவில்லை, சுவர் கீறவில்லை, அடுப்பில் கொதித்த பால்கூடத் தளும்பவில்லை. லோகநாயகி திவசத்துப் பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, பூனைக்கு என்று சொல்லி எதிர் விளிம்பில் வைக்கக் கையை நீட்டினாள். எட்டவில்லை. கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள், தனக்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்துக் கிண்ணத்தை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே முடுக்குக்குள் வந்தார். அதற்கு மறுநாள் ஆட்டோ வந்தது. இடம் வருகிறது என்றால் வேண்டாம் என்று சொல்ல ஊசிமுடுக்குக்காரர்கள் என்ன பைத்தியமா? கோணல்வீட்டு ஆறுமுகநயினார் இது தன் பாட்டனார் விட்டுக்கொடுத்த இடம்தான், இப்போது திரும்பி வந்திருக்கிறது என்றார். கவுன்சிலர் இசக்கிப்பாண்டி இது தன்னுடைய முயற்சி என்று விளம்பரத் தட்டி வைத்தார். அளக்க வந்த சர்வேயர் சங்கிலியை இழுத்து முடிப்பதற்குள் அகலம் கூடிவிட்டதால், அளந்தவரையில் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார். கட்டில்கள் வாசல் வழியாக வந்தன. முதல்முறையாக முடுக்குக்குள் பந்தல் போட்டு ஒரு கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை காரிலேயே வந்து இறங்கினார், பெண்வீட்டார் அழுதார்கள்.

ஒன்றும் ஒட்டவில்லை என்பதைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுகொண்டார்கள். இசக்கிப்பாண்டியின் தட்டி முதலில் சரிந்தது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் பசை காய்வதற்குள் வழுக்கித் தரையில் முகம் குப்புற விழுந்தன. மார்கழியில் போட்ட கோலம் புள்ளி புள்ளியாக உருண்டு வீதிக்குப் போய், வீதிக்காரர்கள் வாசலில் அவர்களுடைய கோலத்தோடு கலந்து சண்டையானது. வீதிமுனையில் பெஞ்சு போட்டு டீ போட்டுக்கொண்டிருந்த பரமு, முடுக்குக்குள் இடம் தாராளமாக இருக்கிறதே என்று பெஞ்சை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார். பெஞ்சு அவரையும் சேர்த்துக்கொண்டு மெல்ல வெளியே வழுக்கிப் போனது. புல் முளைக்கவில்லை, நாய் படுக்கவில்லை. வம்புகூட ஒட்டவில்லை, குழாயடியில் ஏதாவது ஒன்றைத் தொடங்கினால் நடுவிலேயே என்ன சொல்ல வந்தோம் என்பது நழுவிப்போய், சரி வாரேன் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். முடுக்கு கழுவிவிட்ட தாம்பாளம் மாதிரி சுத்தமாக இருந்தது.

ஒரு நாள் ஆம்புலன்ஸும் வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை, வர முடிகிறதா என்று பார்க்கத்தான் வந்தது. சைரன் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, நடுவில் வட்டமடித்து, லோகநாயகி வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றது. ஊரே கூடிக் கைதட்டியது, டிரைவருக்கு மாலை போட்டார்கள். வடிவு தன் சன்னலில் நின்று எதிர்ச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கதவைச் சாத்தினாள், அப்புறம் இன்னொரு கதவைச் சாத்தினாள்.

முடுக்கு விரிந்துகொண்டே போனது. எதிர்வரிசைக்குப் போகிறவர்கள் குடை எடுத்துக்கொண்டார்கள், நடுவழியில் ஒருவர் நுங்கு விற்றார். எதிர்வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது, வெளியூர் போகிற மாதிரி பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போய் இருந்து தங்கி வர வேண்டும் என்று ஆனது. எதிர்வரிசையில் பெண் எடுக்கலாமா என்றால், நல்ல இடந்தான், தூரமாச்சே என்றார்கள். எல்லாரும் பழகிக்கொண்டார்கள். ஊர் எதற்குத்தான் பழகாது.

வடிவுக்குத்தான் பழகவில்லை. லோகநாயகியின் சன்னல் முதலில் ஒரு பலகை அளவாகவும், பிறகு ஒரு தீப்பெட்டி அளவாகவும், கடைசியில் நகக்கண் அளவாகவும் போயிற்று. குக்கர் விசில் கேட்கவில்லை, கடுகு வெடிக்கிற வாசனை வரவில்லை, ராகம் பிசகிப் பாடுகிற தேவாரம் நின்றுபோனது. மழை வருகிறது என்று யாரும் காக்காவிடம் சொல்லாததால் அவள் சேலை நனைந்து, காய்ந்து, திரும்ப நனைந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சன்னலில் நின்று, ரெண்டு நாளாகச் சோறே இறங்கவில்லை என்று அதனிடம் சொல்லிப் பார்த்தாள். நடுவழியில் நுங்குக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது. கத்திச் சொல்லலாந்தான். ஆனால் கத்திச் சொன்னால் அது சாடையில்லை, கூப்பிட்டதாகிவிடும். யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். கண்ணாடி மரத்தின் நிழல் எதிர்ச் சுவரைத் தேடிப் போய்ப் பாதியிலேயே தரையில் விழுந்து கிடந்தது.

கீழே இறங்கிப்போய் அந்தக் கல் இடுக்கைத் தேடினாள். ஸ்டென்ட் அங்கே இல்லை. அது முடுக்காகவே ஆகிவிட்டிருந்தது. விரிந்தது விரிந்ததுதான், உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாததா? அதை அடக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும், வழியைத் திரும்ப அடைக்கிற சதை என்கிற அந்த ஜென்மப் பகையால். அந்தப் பகையை அடியோடு ஒழிக்கத்தான் அவள் அத்தனை வருஷம் கண் பூத்துப்போக உட்கார்ந்திருந்தாள், ஒழித்தும்விட்டாள். வெறுந்தரையில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, எங்காவது ஒரு பாசி, ஒரு எறும்பு, ஒரு வெற்றிலை எச்சில் ஒட்டியிருக்கிறதா என்று வடிவு பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

பிறகு ஒரு நாள் எதிர்ச் சன்னல் திறக்கவில்லை. நகக்கண் அளவுக்கு ஒரு வெளிச்சம் தினமும் காலையில் திறக்கும். அன்றைக்கு அது இருட்டாகவே இருந்தது. மத்தியானமும் இருட்டாகவே இருந்தது. முடுக்கு விரிந்ததில் பக்கத்து வீடுகளும் விலகிப்போய், லோகநாயகியின் இரண்டு பக்கத்து வீட்டாரும் ஆளுக்கொரு தூரத்தில் இருந்தார்கள், கிட்டத்தில் இருக்கிறவர் பார்த்துக்கொள்ளுவார் என்று நினைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஒரு போனில் வாசலுக்கே வந்துவிடும். வாசலுக்குள்ளே என்ன நடந்தது என்று தெரிந்து போன் பண்ணத்தான் ஆள் இல்லை. வடிவு மதினிக்குப் போன் பண்ணினாள். மணி அடித்து அடித்து நின்றது.

அவள் கம்பிச் சுருளை எடுத்தாள். வழிகாட்டிக் கம்பி செய்கிறதற்கென்று வைத்திருந்த முழுச் சுருள். முனையைத் தன் சன்னல் கம்பியில் கட்டிக் கீழே இறக்கி, சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு: கம்பி இல்லாமல் ஒரு அடி முன்னே போகக் கூடாது, கம்பி அடைப்பைத் தாண்டிவிட்டால் செத்தாலும் அதை விடக் கூடாது, பின்னால் வருவதெல்லாம் அதன்மேல்தான் வர வேண்டும். நுங்குக்காரர் எங்கே இந்த வெயிலில் என்று கேட்டார். எதிர்வீட்டுக்கு என்றாள். பழம் பூ ஒன்றும் வாங்கவில்லையா என்றார். அவள் நடந்தாள், கம்பி பின்னால் கல்லை உரசிக் கீச்சென்று அழுதுகொண்டே வந்தது, செருப்பு தேய்ந்தது, கானல் எழுந்து வீடுகள் தண்ணீரில் நிற்பது மாதிரித் தெரிந்தன, திரும்பிப் பார்த்தால் தன் வீடும் நகக்கண் அளவாகியிருந்தது, அப்போதுதான் மதினிக்குத் தான் எப்படித் தெரிந்திருப்போம் என்பது அவளுக்கு விளங்கியது.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. லோகநாயகி அடுக்களைத் தரையில் வழுக்கி விழுந்து, கால் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, அரிசி சிதறிக் கிடக்க, சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். உள்சன்னலில் ஒரு காக்கா. அவள் வடிவைப் பார்க்கவில்லை, காக்காவைப் பார்த்தாள்.

"வந்தவள அந்தப் பலகையப் போட்டு உக்காரச் சொல்லும். ரொம்பத் தூரத்துலருந்து வந்திருக்கா."

வடிவு துடைப்பத்தைத் தேடவில்லை. பலகையையும் தேடவில்லை, அரிசிமேலேயே உட்கார்ந்தாள்.

"மதினி," என்றாள். குரல் துருப்பிடித்திருந்தது. "நாந்தான் போட்டேன் அத. வழி பண்ணலியேன்னு சொன்னியளே. பண்ணினேன்."

லோகநாயகி இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒப்பாரியில சொன்னத எவளாவது செஞ்சு காட்டுவாளாட்டி?" என்றாள். "படிச்ச மூதி."

ஆம்புலன்ஸ் வந்தது, நேராக வாசலுக்கு வந்தது, அதை மட்டும் குறை சொல்ல முடியாது. கால் கட்டி லோகநாயகி திரும்பி வந்தபோது, முடுக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கம்பி உரசின கீறல் ஒன்று, பூனை நகம் பட்ட மாதிரி, லேசான சிவப்பாக ஓடியிருந்தது. மருந்து அந்தக் கோட்டில் மட்டும் பெயர்ந்திருந்தது. காயம் பட்டால் சதை வளர்க்காமல் இருக்க எந்த உடம்புக்குத் தெரியும்? முதலில் கீறலோரம் பாசி வந்தது, பாசியைப் பிடித்துக்கொண்டு எறும்பு வரிசை வந்தது, தும்பைச் செடி வந்தது, ஒரு நாய் வந்து படுத்து எழுந்திருக்க மாட்டேன் என்றது. பரமுவின் பெஞ்சு வழுக்காமல் நின்றது. பெஞ்சு நின்றதும் வம்பும் ஒட்டிக்கொண்டு நின்றது, வம்பு நின்றதும் ஆள் நின்றார்கள், சுவரொட்டிமேல் சுவரொட்டி ஒட்டிச் சுவர் தடித்தது. வீடுகள், விருந்து முடிந்த பந்தியில் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கதைபேசுகிற மாதிரி, உள்ளே நகர்ந்து நகர்ந்து வந்தன. வடிவின் தொழிலில் இதற்குப் பேர் தோல்வி. தினமும் காலையில் எழுந்ததும் அந்தத் தோல்வி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவள் பல் துலக்கினாள். தீப்பெட்டி பலகையானது, பலகை சன்னலானது, ஒரு நாள் கடுகு வெடித்த வாசனை வந்தது. மாப்பிள்ளை காரில் வந்து இறங்கின அந்தப் பெண்வீட்டார் மட்டும் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

இருவரும் கொஞ்ச நாள் முகம் பார்த்துப் பேசிப் பார்த்தார்கள். ரொம்பச் சிரமமாக இருந்தது. எதைச் சொன்னாலும் சண்டை வந்தது. பிறகு ஒருவருக்கொருவர் சொல்லாமலே பழையபடி காக்காவுக்கும் துடைப்பத்துக்கும் திரும்பிவிட்டார்கள். கிண்ணங்கள் போய்வந்தன. பூனை கொழுத்தது.

முடுக்கும் முன்பைவிட ஒரு விரல்கடை குறுகலாகவே வந்து நின்றது. ஆகவே, ஒரு மழைநாள் மத்தியானத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த லோகநாயகிக்கு நெஞ்சு அடைத்தபோது ஆம்புலன்ஸ் வீதியோடுதான் நின்றது. நாற்காலி தேடினார்கள், படி தேடினார்கள், யோசனை சொன்னார்கள். அவர்கள் தேடி முடிக்கிறவரை வடிவு தன் சன்னலிலிருந்து தோள்வரை கையை நீட்டி எதிர்ச் சன்னல் கம்பிக்குள் விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை குளிர்ந்து வெகுநேரமாகியும் விடவில்லை. லோகநாயகியும் உட்கார்ந்துதான் போனாள்.

இப்போது எதிர்ச் சன்னல் சாத்தியிருக்கிறது. சாயங்காலம் கண்ணாடி மரத்தின் நிழல் அந்தச் சாத்தின கதவின்மேல் கிளை கிளையாக விழுகிறது, காய்த்ததா என்று கேட்க ஆளில்லை. திவசத்தன்று இருவர் வந்து விளிம்பில் உட்காருகிறார்கள், ஒருவரையொருவர் கொத்திக்கொள்ளுகிறார்கள். மற்ற நாட்களில் வடிவு ஒரு கிண்ணத்தில் சொதியோ ரசமோ ஊற்றி, கை நீட்டி, எதிர் விளிம்பில் வைத்துவிட்டு, பூனைக்கு என்று சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் வழித்த மாதிரி காலியாக இருக்கிறது.

அந்த முடுக்கில் இன்றைக்கு வரைக்கும் பூனை கிடையாது.

ஒன்றே ஒன்று. கேட்டதைக் கேட்டபடி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், சொன்னது யாரென்று மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள். காணாமல் போன அகலத்துக்கு இசக்கிப்பாண்டி ஆள் தேடிக்கொண்டிருக்கிறார், அது பெரிசில்லை. வடிவு காதுக்குப் போய்விட்டால் அவள் என்னிடம் நேராக ஒன்றும் கேட்க மாட்டாள். துடைப்பத்திடம் சொல்லுவாள். அதைத் தாங்குகிற வயசு எனக்கு இல்லை.